முதுகில் சாக்பீஸ் கோடு

அயர்லாந்துக் கிராமங்களின் பழைய கல்யாண வழக்கங்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், சாக்பீஸ் ஞாயிறு வந்ததும் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறுதான் அது. கல்யாண வயது வந்தும் கல்யாணம் ஆகாதவர்கள் பூசைக்கு வரும்போது பையன்கள் கையில் சாக்பீஸோடு கோயில் வாசலில் காத்திருப்பார்கள். கூட்டத்தில் நெருங்கி, அவர்கள் முதுகில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். பூசைக்கென்று எடுத்து வைத்த கறுப்புக் கோட்டுத் துணியில் அந்த வெள்ளைக் கோடு பின்பெஞ்சு வரைக்கும் தெரியும். கிளேர், லிமெரிக், கெர்ரி என்று தென்மேற்கு மாவட்டங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்த வழக்கம் இது. இதை வானொலியில் கேட்டிருக்கிறேன், ஊர்க் கண்காட்சியில் படத்தோடு பார்த்திருக்கிறேன், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பழைய நாள் பேச்சு நடக்கும்போதும் கேட்டிருக்கிறேன். எங்கேயும் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயிலில் கொண்டாட்டமான கல்யாணம் கிடையாது. ஆகவே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்தான் கடைசி நாள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததிலிருந்து அந்தச் செவ்வாய் வரைக்கும் சம்பந்தம் பேசும் பருவம். வயலில் வேலை குறைவு, இரவு நீளம், கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச நேரம் உண்டு. கடைசிச் செவ்வாயன்று ஒரே கோயிலில் வரிசையாகக் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. அதையும் தவறவிட்டவருக்கு அந்த வருஷம் போயிற்று. அப்புறம்தான் கேலி தொடங்கும். மேற்கே கானக்ட் மாகாணத்துப் பக்கத்தில் அது உப்புத் திங்கட்கிழமை. அடுத்த வருஷம் வரைக்கும் கெடாமல் இருக்கட்டும் என்று கல்யாணமாகாதவர்கள் மேல் உப்பைத் தூவுவார்கள். அந்த முதல் ஞாயிறுக்கே இன்னொரு பேரும் உண்டு: முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும் பெண்களைச் சாக்கிட்டு வைத்த பேர்.

இவற்றில் மிகவும் கொடியது ஸ்கெல்லிக் பட்டியல். கெர்ரிக் கரைக்கு வெளியே கடலில் செங்குத்தாக நிற்கும் இரண்டு பாறைத் தீவுகள் ஸ்கெல்லிக். பெரியதன் மேல் பழங்காலத் துறவிகளின் கல்குடில்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே பழைய நாட்காட்டிப்படி தவக்காலம் பிந்தித்தான் தொடங்கும், அதனால் கரையில் தப்பவிட்டவர்கள் அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு. அதை வைத்து ஊரிலுள்ள கல்யாணமாகாத ஆண்களையும் பெண்களையும் பொருந்தாத ஜோடிகளாகச் சேர்த்து, இன்னார் இன்னாரோடு படகேறுகிறார் என்று எதுகை மோனையோடு பாட்டுக் கட்டுவார்கள். கார்க் நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பாட்டுகளை அச்சடித்தே விற்றார்கள். அதே நகரத் தெருக்களில், அகப்பட்டவர்களைக் கயிற்றால் கட்டி இழுத்து ஸ்கெல்லிக்குக் கொண்டுபோவதாகப் பாவனை செய்வதும் தண்ணீரை ஊற்றுவதும் நடந்தன. பாதிரியார்கள் கண்டித்துப் பார்த்தார்கள். ஊர் நிறுத்தவில்லை.

எனக்குள்ள கேள்வி சின்னதுதான். முதுகில் கோடு வாங்கினார்களே, அவர்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? கூச்சமா, சோம்பலா, பெண் பிடிக்கவில்லையா? கேலி அப்படித்தான் சொல்கிறது. தப்பு அவர்களுடையது என்பதுபோலத்தான் கோடு விழுகிறது.

எட்டு மாட்டு நிலம்

1930களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கான்ராட் ஆரன்ஸ்பர்க், சாலன் கிம்பால் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் கிளேர் மாவட்டத்தில் தங்கி, சிறு விவசாயிகளின் குடும்ப வாழ்க்கையை எழுதினார்கள். அதில் ஒரு விவசாயி, சம்பந்தம் எப்படிப் பேசுவது என்று விவரமாகச் சொல்கிறார். மாப்பிள்ளை வீடு ஒரு தரகரை அனுப்பும். பெண்ணுக்கு எவ்வளவு பணம் வரும், இந்த ஷ்ரோவில், அதாவது தவக்காலத்துக்கு முந்தின பருவத்தில், கல்யாணத்துக்குத் தயாரா என்று அவர் நாடி பார்ப்பார். பெண் வீடு திருப்பிக் கேட்கும்: எத்தனை மாடு நிற்கும் நிலம்? ஊற்று இருக்கிறதா? ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே? கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கமா? ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்குப் பெரிய தொகை பெயராது. எட்டு மாடு நிற்கும் நல்ல இடமென்றால் 350 பவுண்டு கேட்பார்கள். பெண்ணின் அப்பா 250 என்பார். மாப்பிள்ளையின் அப்பா 50 இறங்க, பெண்ணின் அப்பா 250இலேயே நிற்க, மிச்ச இடைவெளியை ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டு, 275 பவுண்டுக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுற்று விஸ்கி. தரகருக்கு அன்றைக்கு நல்ல நாள்.

அப்புறம் பெண் வீட்டார் நிலத்தை நடந்து பார்க்க வருவார்கள். வேலி, புல், தண்ணீர், தொழுவம், வாசலில் எருக்குவியலின் உயரம் எல்லாம் கண்ணில் படும். அன்றைக்கு மட்டும் அக்கம்பக்கத்து மாடுகளைக் கடன் வாங்கி நிறுத்திய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பிடித்திருந்தால் வக்கீலிடம் போய் எழுதுவார்கள். அந்தப் பத்திரத்தில் கிழவர்களுக்கு என்னென்ன என்று வரிவரியாக இருக்கும்: வீட்டின் மேற்கு அறை, ஒரு மாட்டுக்கு மேய்ச்சல், இத்தனை உருளைக்கிழங்கு, அடுப்பு எரிக்க டர்ஃப் என்ற காய்ந்த சதுப்பு மண் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வண்டியில் இடம். பெற்ற மகனிடமிருந்து இதையெல்லாம் எழுதி வாங்க வேண்டியிருந்ததா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அதில் கோபம் இல்லை. நிலத்தைக் கொடுத்த மறுநாள் முதல் கையில் ஒன்றும் இல்லாத மனிதர் அவர். எழுதி வாங்குவது நியாயம்தான்.

என்னை நிறுத்திய இடம் அந்த 275 பவுண்டு. வரதட்சணை என்றவுடன் நம் ஆட்களுக்கு மாப்பிள்ளை வாங்கி ஸ்கூட்டரோ வீடோ வாங்கிக்கொள்ளும் பணம் ஞாபகம் வரும். இங்கே அது மாப்பிள்ளையிடம் தங்குவதில்லை, பெண்ணிடமும் தங்குவதில்லை. மாப்பிள்ளையின் அப்பா கைக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் தங்கை ஒருத்திக்கு அவள் கொண்டுபோகும் பணமாகவோ, தம்பிக்கு அமெரிக்கக் கப்பல் சீட்டாகவோ வெளியேறும். தங்கை போன வீட்டில் அதே பணம் இன்னொரு பெண்ணை வெளியே அனுப்பும். ஒரு வீட்டில் அது நின்றால் அடுத்தடுத்த வீடுகளிலும் கல்யாணம் நிற்கும்.

அதோடு கணக்கையும் பாருங்கள். 1845இல் உருளைக்கிழங்கு அழுகி வந்த பெரும் பஞ்சத்துக்கு முன்னால், நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து இளம் வயதில் கட்டிவைப்பது சாதாரணம். 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 10 வருஷத்தில் 65 லட்சமாகிவிட்டது. பிழைத்தவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே: நிலத்தைத் துண்டுபோடாதே. அதிலிருந்து நிலம் ஒரே மகனுக்கு. பணத்தோடு கட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே மகளை. ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்றவர்கள் கப்பலேற வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத கையாளாக இருக்க வேண்டும். நிலம் வரப்போகும் அந்த ஒரு மகனுக்கும் அது எப்போது வரும் என்று தெரியாது, ஏனென்றால் எந்த மகனுக்கு என்று அப்பா கடைசி வரை வாய்விட்டுச் சொல்வதில்லை. 40 வயது தாண்டியவரும் சந்தைக்குப் போனால், பேரம் பேசுவது அப்பா, மகன் பக்கத்தில் நின்று மாட்டைப் பிடித்துக்கொள்வார். ஒரு கிளாஸ் பீருக்கும் அப்பாவிடம்தான் காசு கேட்க வேண்டும். 1911 கணக்கெடுப்பில் 45க்கும் 54க்கும் இடைப்பட்ட வயதுக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கல்யாணமே ஆகாதவர். ஆண்களும் அப்படித்தான், பெண்களும் அப்படித்தான்.

நான்கில் ஒருவர் கூச்ச சுபாவியாக இருக்க முடியாது. வீட்டு வரவுசெலவு அவர்களுக்கு இடம் வைக்கவில்லை. முடிவெடுத்தது வீடு, கோடு வாங்கியது பிள்ளை.

யார் மாப்பிள்ளை என்று தெரியாமல்

பெண்ணின் பக்கத்திலிருந்து இதைச் சொன்னவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பெய்க் சேயர்ஸ். 1873இல் கெர்ரியின் டன்க்வின் ஊரில் பிறந்து, எதிரே கடலில் இருக்கும் பெரிய பிளாஸ்கெட் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். வயதான பின் தன் கதையை மகனிடம் சொல்லி எழுதவைத்தார், 1936இல் அது அச்சானது. ஷ்ரோவ் காலத்து இரவு ஒன்றில் மூன்று ஆண்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். பாட்டில் மேசைக்கு வருகிறது, பேச்சு ஓடுகிறது. பெய்க் தலையைக் குனிந்துகொண்டு இமைக்குக் கீழிருந்து மூவரையும் பார்க்கிறார். மூன்று பேரில் யார் தன்னைக் கேட்டு வந்தவர் என்றே அவருக்குத் தெரியவில்லை. ஒருவரையும் முன்பின் அறிந்ததில்லை. அப்பா வந்து, தீவுக்குப் போகிறாயா என்று கேட்கிறார். தீவுக்காரர்களை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொல்கிற இடத்துக்குப் போகிறேன் என்கிறார் பெண். சில நாளில் கல்யாணம் முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தைச் சொல்லி, பாருங்கள் எவ்வளவு கொடுமை என்பவர்களும் உண்டு, எவ்வளவு அடக்கமான பெண் என்று புகழ்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் போதவில்லை. அதற்கு முன் பெய்க் டிங்கிள் ஊரில் வேலைக்காரியாக இருந்தவர். தோழி ஒருத்தி அமெரிக்காவிலிருந்து கப்பல் காசு அனுப்புவாள் என்று காத்திருந்தார், அது வரவில்லை. தெரியாத ஒருவரா, மறுபடி அடுத்தவர் வீட்டு வேலையா என்பதுதான் அன்றிரவு அவர் முன்னால் இருந்தது. கேள்வி கேட்கப்பட்டது உண்மை, பதிலும் அவருடையதுதான். ஆனால் சொல்லக்கூடிய பதில்கள் எத்தனை இருந்தன? அவர் தன் கணவரைப் பற்றிப் பின்னால் அன்போடுதான் பேசுகிறார். அதையும் நான் அப்படியே நம்புகிறேன்.

மாமாவின் கோட்டு

இனி, இதையெல்லாம் எனக்கு வேறு மாதிரிக் காட்டிய பேச்சுக்கு வருகிறேன். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அடையாளம் தெரியும்படி எதுவும் சொல்லமாட்டேன், இதை எழுதலாமா என்று கேட்டபோது பேர் வேண்டாம் என்றுதான் சம்மதித்தார். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிடுவது பெரும்பாலும் நான்தான். முந்தின நாள் கூடத்தில் சாக்பீஸ் ஞாயிறு பற்றிப் பேச்சு எழுந்து, வழக்கம்போல எல்லோரும் சிரித்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். மறுநாள் கன்னத்தில் சோப்பு நுரையோடு, நான் கேட்காமலே சொன்னார்: "நானும் கோடு போட்டிருக்கேன்மா. எங்க மாமாவுக்கே போட்டேன்."

மாமா என்று நான் எழுதுவது அவருடைய அப்பாவின் தம்பியை. அவர் "அங்கிள்" என்று சொன்னது என் காதில் அப்படித்தான் விழுந்தது. அந்தத் தம்பிக்காரர் அதே வீட்டில், அடுப்புக்கு மேலே இருந்த மாடத்தில் படுத்து, அதே நிலத்தில் வேலை செய்தார். சின்னப் பையனுக்குச் சீட்டாட்டமும் மீன்பிடியும் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கோயில் வாசலில் மற்றப் பையன்கள் பார்க்க, இவர் ஓடிப்போய் அவர் முதுகில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பூசை முடியும் வரைக்கும் மாமா திரும்பவில்லை. தெரியாமலில்லை, சாக்பீஸ் துணியில் உரசும்போது நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார். அம்மாதான் ஈரத்துணியை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் உட்கார்ந்திருக்கும்போதே முதுகைத் துடைத்தாள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பாகிட்ட அப்ப யாரும் ஒண்ணும் கேக்கலை," என்றார் பெரியவர். "கேட்டிருக்க வேண்டியது அவர்கிட்டதான்."

பிறகு தன் கதையைச் சொன்னார். நிலம் அவர் பேருக்கு வந்தபோது அவருக்கு 52 வயது. அதுவும் அப்பா செத்த பிறகு. 30 வயதில் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. நிலம் எழுதாமல் அவள் வீட்டில் பேச்சை எடுக்க முடியாது, அப்பாவிடம் எழுதக் கேட்கவும் முடியாது, கேட்டால் கிழவனை மேற்கு அறைக்குத் தள்ளுகிறான் என்று ஊர் சொல்லும். அவள் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றம் ஒன்றும் இல்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. அப்பாவுக்கும் தாத்தாவிடமிருந்து 47 வயதில்தான் கிடைத்தது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அதுவரை நான் சாக்பீஸ் கோட்டைக் கேலி என்று மட்டும் நினைத்து வருத்தப்பட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது யாரைக் காப்பாற்றியது என்று புரிந்தது. ஊர் முழுக்க ஒரு மனிதனின் முதுகைப் பார்த்துச் சிரிக்கும்போது, சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. 1909இல் 70 வயதானவர்களுக்கு அரசாங்க ஓய்வூதியம் வந்தது. பேரில் சொத்து இருந்தால் அது குறையலாம் என்பதால், அதற்காகவே சில அப்பாக்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். மகனின் வயது செய்யாததை வாரம் 5 ஷில்லிங் செய்தது.

போனவர்கள்

பெண்கள் வேறு வழி பார்த்தார்கள். மருமகளாக வந்தால் வாசலில் தலைக்கு மேல் ஓட்ஸ் ரொட்டியை உடைத்து வரவேற்பார்கள், வைக்கோல் முகமூடி போட்ட பையன்கள் அழைக்காமலே வந்து மணப்பெண்ணோடு ஆடிவிட்டுப் போவார்கள். இவை அழகான வழக்கங்கள், இவற்றில் எனக்குக் குறை இல்லை. மறுநாள் காலையிலிருந்து மாமியாரின் அடுப்பில் வேலை. குழந்தை இல்லாவிட்டால் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய கதைகளையும் அந்த அமெரிக்க ஆய்வாளர்கள் கிளேரில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இவள் கொண்டுவந்த பணமோ முன்னமே வேறு வீட்டுக்குப் போய்விட்டது. கணவன் உயிலில் நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மனைவிக்கு ஒரு பங்கு கட்டாயம் என்று சட்டம் சொன்னது 1965இல்தான். பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி. அதற்குள் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள்: டப்ளினுக்கு, லண்டனுக்கு, பாஸ்டனுக்கு. 1950களிலும் 60களிலும் மேற்குக் கிராமங்களில் தனி ஆண்கள் மட்டும் இருந்த வீடுகள் பெருகின. பெண்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று அப்போது பிரசங்கங்கள் நடந்தன. மேசையின் தலைமாட்டை அப்போதும் யாரும் கேட்கவில்லை.

கிளேரின் லிஸ்டூன்வார்னாவில் இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் வரன் பார்க்கும் திருவிழா நடக்கிறது. அறுவடை முடிந்து விவசாயிகள் அந்த ஊரின் கந்தக ஊற்றுக்கு வந்து தங்கும்போது சம்பந்தம் பேசிய பழக்கத்திலிருந்து வந்தது. இப்போது பாட்டும் நடனமும்தான் பெரிது. போய்ப் பாருங்கள், சந்தோஷமான கூட்டம்.

நிலத்தின் கதை மட்டும் முடியவில்லை. 2020 விவசாயக் கணக்கெடுப்பின்படி, அயர்லாந்தில் பண்ணை வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். 35க்குக் கீழே உள்ளவர்கள் நூற்றுக்கு 7 பேர். 35 வயதுக்குள் விவசாயப் படிப்பை முடித்து நிலத்தை எழுதி வாங்கினால் முத்திரை வரி இல்லை என்று அரசாங்கம் சலுகை வைத்திருக்கிறது. கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சு இன்று அவிழ்ந்துவிட்டது, கல்யாணத்துக்கு இப்போது யாரும் பத்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் எப்போது எழுதித் தருவீர்கள் என்று அப்பாவிடம் கேட்பது இன்னமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இல்லத்துக்கு வரும் மகன்கள் வாசலில் நின்று என்னிடம் பேசும்போது, மருந்து, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, சிலர் தயங்கியபடி ஒன்று கேட்பார்கள்: அப்பா உங்களிடம் பண்ணையைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா?